கிடைக்கு மேலே நின்ற தும்பி

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்று இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கும் மேலே ஒரு இரைச்சல் கேட்டால், பொன்செல்வி மொட்டைமாடியில் தன் மிஷினை ஓட்டிப் பார்க்கிறாள் என்று அர்த்தம். பெரிய வண்டு ஒன்று பானைக்குள் மாட்டிக்கொண்டு சுற்றுவது மாதிரி இருக்கும். கேட்கக் கேட்க எனக்குக் கண் சொருகும். முழித்திருக்கிறோமா கனாக் காண்கிறோமா என்று தெரியாத ஒரு இடத்துக்கு அந்தச் சத்தம் ஆளைக் கொண்டுபோய் விட்டுவிடும்.

பொன்செல்வி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் சின்னையா மகள் கோமதியம்மாள். அவளைக் குருவிகுளம் பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊரில் ஆட்டுக்கார ராமசுப்புவுக்குக் கட்டிக்கொடுத்தோம். அந்த ராமசுப்புவைப் பெற்றவளும் எங்கள் பெரியம்மையின் கொழுந்தியாளும் கூடப்பிறந்தவர்கள். ஆக, இந்தப் பக்கம் போனாலும் சொந்தம், அந்தப் பக்கம் போனாலும் சொந்தம். கோமதியம்மாளுக்கு ரெண்டே பிள்ளைகள். மூத்தவன் மாரிராஜ், இளையவள் பொன்செல்வி. எனக்கு மருமகனும் மருமகளும். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த பிறகு, அப்பன் கம்பையும் ஆட்டையும் மாரிராஜ் எடுத்துக்கொண்டான். பொன்செல்வி சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிற வெங்கடேஷுக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டாள்.

மகளிர் குழுவுக்கு மருந்து அடிக்கிற ட்ரோன் வருகிறது, யார் ஓட்டப் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது மற்றவர்களெல்லாம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்களாம். இவள் கையைத் தூக்கிவிட்டாள். வீட்டில் வந்து சொன்னதும் வெங்கடேஷ் சிரித்தான்.

"ஒனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. நீ ஆகாசத்துல ஓட்டப் போறியாக்கும்?"

"சைக்கிள்ல விழுந்தா நான் விழணும். இதுல விழுந்தா அதுதான் விழும். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

இவள் படித்துவிட்டு வந்தாள்.

ஆறு கை விரித்து, நடுவயிற்றில் மருந்து டேங்கைக் கட்டிக்கொண்டு அது எழும்பும்போது பார்க்கணும். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பேர் தும்பி. மக்காச்சோளத்தில் புழு விழுந்தாலும், பருத்தியிலும் உளுந்திலும் பூச்சி ஏறினாலும், "பொன்செல்விக்கு போனைப் போடு, தும்பி வரட்டும்" என்பார்கள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தும்பியைக் கிளப்புவதற்கு முன்னால் காட்டைச் சுற்றி நடந்து சத்தம் கொடுப்பாள்.

"தும்பி வருது! தண்ணிய மூடுங்க! ஆடு மாட்ட அங்கிட்டு ஓட்டுங்க! கீழ யாரும் நிக்காதிய!"

மருந்து ஆயிற்றே, சும்மாவா? போகப் போக அவள் சொல்லக்கூட வேண்டாம் என்று ஆகிவிட்டது. இரைச்சல் கேட்டாலே பெண்கள் குடத்துக்குத் தட்டு வைத்தார்கள். காயப்போட்ட வத்தலை அள்ளினார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். சுற்றுப்பட்டு ஊர் அத்தனையையும் அவள் அப்படிப் பழக்கி வைத்திருந்தாள்.

பழகாமல் போனது அவளுடைய அண்ணன் ஆடுகள்தான்.

மாரிராஜ் ஊருக்குள் தங்குகிறவன் இல்லை. இன்றைக்கு ஒருத்தர் காட்டில் கிடை, நாளைக்கு வேறொருத்தர் காட்டில் கிடை. ஆடு எங்கே படுக்கிறதோ அங்கேதான் அவனுக்கும் படுக்கை. அவன் போகிற பள்ளமான காடுகளில் போன் எடுக்காது. ஒருநாள் சாயங்காலம் பொன்செல்வி ஒரு உளுந்துக் காட்டில் மருந்து அடித்து முடித்துவிட்டு, பக்கத்துப் புஞ்சையில் அண்ணன் கிடை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு அவனைக் கூப்பிட்டாள். போனுக்குள் இருக்கிற அந்தப் பெண், 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்' என்றாள். திரும்பக் கூப்பிட்டாள். திரும்பவும் அதே குரல், அதே பதில். இருட்டி விட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலையில் அவள் எழும்புவதற்கு முன்னால் ஆடு அந்த உளுந்தில் இறங்கிவிட்டது. நல்ல ஈற்று ஆடுகள், பொட்டுப் போட்ட செம்மறிகள், வாயில் நுரை தள்ளி வரப்பு ஓரமாகக் கிடந்தன.

"கூப்பிட்டேன்ணே. எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமா?" என்று அழுதாள்.

"எம் போன் அடிக்கவே இல்ல" என்றான் மாரிராஜ்.

"அடிச்சிருக்காது. எல்லைக்கு அப்பால் இருக்காருன்னு சொல்லிச்சு."

"யாரு சொன்னா?"

"போன்ல பேசுத பொம்பள."

"அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தோளில் போட்டான். அன்றைக்கு நின்ற பேச்சுதான். கோமதியம்மாள் பெற்ற பிள்ளைகள் ரெண்டும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரே கூட்டத்தில் நின்று அம்மனைப் பார்த்தும், ஒன்றை ஒன்று பார்க்கவில்லை. நான் ரெண்டு பக்கமும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "பாப்போம் மாமா" என்பான். அது பார்க்கிறவன் சொல்கிற சொல் இல்லை.

அதோடு விட்டானா? ஆடுகளைப் பழக்க ஆரம்பித்தான். எங்கே தும்பி இரைச்சல் கேட்டாலும் நாக்கை மடித்து ஒரு விசில் கொடுத்து, சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டுவான். கொஞ்ச நாளில் விசிலே தேவைப்படவில்லை. இரைச்சல் காதில் விழுந்ததும் ஆடுகள் தாமாகவே முதுகைக் காட்டிக்கொண்டு நகர்ந்துவிடும்.

பொன்செல்விக்கு ஒரே கனா திரும்பத் திரும்ப வருமாம். அவள் கூப்பிடுகிறாள், அந்தப் பெண் 'எல்லைக்கு அப்பால்' என்கிறாள். எல்லை என்றால் ஒரு வேலி மாதிரி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நிற்கிறான், ஆடுகள் மேய்கின்றன, அம்மைகூட நிற்கிறாளாம். சத்தம் மட்டும் வேலியைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பிறகு அந்த மார்கழி மழை வந்தது.

மழையா அது? வானம் பூமி ரெண்டும் ஒரே சாம்பல் நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று. கரிசல் மண் தண்ணீர் குடித்துக் குடித்து, இனிமேல் முடியாது என்று கக்க ஆரம்பித்தது. கரண்ட் போனது. டவருக்கு ஊற்றி வைத்த டீசல் தீர்ந்ததும் டவரும் போனது. சங்கரன்கோவிலுக்குள் ஓரளவு பரவாயில்லை, அந்தக் கரிசக்காட்டு ஊர்கள்தான் ஊமையாகிவிட்டன. யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாரிராஜ் கிடையோடு ரெண்டு ஓடைகளுக்கு நடுவில் ஒரு மேட்டில் மாட்டிக்கொண்டான் என்று மட்டும் ஒரு பேச்சு நடந்து வந்து சேர்ந்தது.

பொன்செல்வி உடனே கிளம்பிவிட்டாள். மிஷினை லோடு ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள். "கேமரா இருக்குல்லா, மேல விட்டு ஆளு எங்கன நிக்கான்னாவது பாத்துருதேன்" என்றாள். வெங்கடேஷ் வண்டியை ஓட்டினான். நானும் பின்னால் ஜெனரேட்டரோடு ஜெனரேட்டராக உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் கரிசக்காட்டு ஊர் எல்லையில் ரோடு தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. அங்கே எங்களுக்கு முன்னாலேயே ஒரு ஜீப் நின்றது. மேலே சட்டி மாதிரி ஒரு ஆண்டெனா. பக்கத்தில் பெரிய ட்ரோன் ஒன்று. ஜீப்பிலிருந்து அதற்கு ஒரு கயிறு போனது. கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. கயிறு இல்லை, கரண்ட் போகிற வயர் என்று பிறகு தெரிந்தது. தலையில் முக்காடு போட்டு, முழங்கால்வரை பூட்ஸ் மாட்டிய ஒரு பிள்ளை அதன் பக்கத்தில் குத்தவைத்து என்னமோ முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இது என்ன செய்யும்?" என்று பொன்செல்வி கேட்டாள்.

"மேடமா? நான் கடையநல்லூர்ப் பிள்ளைக்கா. ஷாஹின் பானு. பானுன்னு கூப்பிடுங்க, போன் கம்பெனில வேலை. இது செல்போன் டவருதான். நிக்கிறதுக்குக் கால் இல்லாத டவரு."

அது மேலே ஏறியது. இரைச்சல் பரவியது. அடுத்து நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரிலிருந்து தண்ணீரைத் தாண்டி ரோட்டோரம் வந்து கூடியிருந்த சனம் மொத்தமும் எழும்பி ஓடியது! கஞ்சி காய்ச்சிய அண்டாவுக்கு ஒருத்தி மூடி போட்டாள். இன்னொருத்தி சேலைத் தலைப்பால் பிள்ளை வாயைப் பொத்தினாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தனை பேர் கையிலும் போன் இருக்கிறது. டவர் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. பேசத்தான் ஒரு ஆள் இல்லை.

ஷாஹின் பானு திகைத்துப்போனாள். "யா அல்லாஹ், ஏன் ஓடுதாங்க?"

"நான்தான் ஓட வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே பொன்செல்வி பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினாள். "இது மருந்து இல்ல! பேச்சுத் தும்பி! வெளிய வாங்க! போன எடுங்க!"

உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. "ஏட்டி, கீழ நிக்காதியன்னு சொன்னவளும் நீதான். கீழ வாங்கன்னு கூப்பிடுதவளும் நீதான். எந்தப் பேச்சைக் கேக்க?"

"அண்ணாச்சி, அது மருந்து. இது பேச்சு. பேச்சுல நனைஞ்சா ஒண்ணும் ஆவாது, வாங்க!"

ஒருத்தர் ரெண்டு பேராக வந்தார்கள். முதல் போன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரே நேரத்தில் எல்லாம். சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம் என்று அத்தனையும் மழைத் தூறலுக்குள் கலந்து கேட்டது. திருப்பூரில் இருக்கிற மகன், சார்ஜாவில் இருக்கிற புருஷன், சிவகாசியில் கட்டிக்கொடுத்த மகள் எல்லாரும் அந்தத் தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்ற மாதிரி இருந்தது. பேசுகிறவர்கள் யாரும் எதிரே பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்து, முகத்தை மேலே தூக்கி, வானத்தில் நிற்கிற அந்தப் புள்ளியைப் பார்த்தே பேசினார்கள். "சாப்பிட்டியா?" என்று ஆகாசத்தைக் கேட்டார்கள்.

அந்தப் பேச்சோடுதான் கெட்ட சேதியும் வந்தது. மேலே இருக்கிற பெரிய கண்மாய்க் கரையில் கசிவு கண்டுவிட்டது. கரை மொத்தமாகப் போகாமல் இருக்க, பொழுது அடைவதற்குள் மிச்சத் தண்ணீர் வழிகிற கலிங்கை உடைத்து ஓடையில் தண்ணீரைத் திறந்துவிடப் போகிறார்கள். ஓடைக் கரையில் ஆள் இருந்தால் ஏறிவிடுங்கள் என்று சேதி.

மாரிராஜ் நிற்பது அந்த ஓடையை ஒட்டின மேட்டில்.

பொன்செல்வி போனை எடுத்து அழுத்தினாள். காதில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் கல் மாதிரி ஆயிற்று. போனுக்குள் இருக்கிற அந்தப் பெண்தான் பேசியிருக்கிறாள்.

"அந்தப் பக்கம் ஒரு ஏத்தம் இருக்குல்லாக்கா, அதுக்குப் பின்னால பள்ளம். எங்க சிக்னல் அங்க இறங்கல" என்றாள் ஷாஹின் பானு. ஜீப்புக்குள் போய், சோறு கொண்டுபோகிற தூக்குச்சட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். "இது எங்க தும்பி பேசுதத வாங்கி அடுத்த பக்கம் சொல்லும். ஆனா தூக்கிட்டுப் போறதுக்கு எங்ககிட்ட வேற ட்ரோன் இல்ல. அக்கா, உங்க மிஷின் எவ்வளவு தூக்கும்?"

பொன்செல்வி ஸ்பேனரை எடுத்து மருந்து டேங்கைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

டேங்க் இருந்த இடத்தில் பெட்டியை வைத்து, லோடு கட்டுகிற நைலான் கயிற்றால் இறுக்கினார்கள். பேட்டரி ஒன்று, வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்தான் தாங்கும். தீர்ந்தால் திரும்பி வரணும், மாற்றணும், திரும்பப் போகணும். வெங்கடேஷ் ஜெனரேட்டரைக் கிளப்பி ஒவ்வொன்றாகச் சார்ஜில் போட்டான். தும்பி எழும்பி, ஏத்தத்தைத் தாண்டி, தூறலுக்குள் கரைந்தது.

நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்த்தேன். தண்ணீர், தண்ணீர், தண்ணீரில் கழுத்தளவு நிற்கிற கருவேலமரங்கள். தூரத்தில் காற்றாலைகள், எங்கள் ஆட்கள் காத்தாடி என்பார்கள், ஒன்றும் சுற்றாமல் கையை விரித்தபடி நின்றன. யாரையோ தேடி வந்து, ஏன் வந்தோம் என்று மறந்துபோனவர்கள் மாதிரி. அப்புறம் ஒரு மேடு. மேட்டின் மேல் பஞ்சைக் கொட்டி வைத்த மாதிரி ஆடுகள். நடுவில் பிளாஸ்டிக் சாக்கைத் தலையோடு கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு ஆள்.

"அண்ணன்" என்றாள் பொன்செல்வி.

அந்தப் பஞ்சு அசைந்தது. மொத்தமாக, ஒரே பக்கமாக, மெதுவாக நகர்ந்தது. தும்பி கிட்டப் போகப் போக அது தள்ளிப் போயிற்று. மேட்டின் அந்த ஓரத்துக்கு. ஓரத்துக்குக் கீழே ஓடை சுழித்துக்கொண்டு போகிறது.

"ஏட்டி, நிறுத்து! ஆடு தண்ணிக்குப் போவுது!" என்று நான் கத்திவிட்டேன்.

அவள் கை நின்றது. தும்பி நின்றது. மருந்து அடிக்கிற தும்பி ஒரு இடத்தில் நிற்காது, உழுகிற மாடு மாதிரி போய் வந்து, போய் வந்து, சால் பிடித்தே திரியும். மாரிராஜுக்கு அது நன்றாகத் தெரியும். சத்தத்தை அப்படிக் கவனித்து வைத்திருந்தவன் அவன். இந்தத் தும்பி நிற்கிறது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை, எங்கள் ஊர்க் கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தபசு நிற்பது மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. ஆடுகளும் நின்றுவிட்டன. அவன் சாக்கை விலக்கி மேலே பார்த்தான். ஸ்கிரீனில் அவன் முகம் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது.

"இப்ப கூப்பிடுங்க" என்றாள் ஷாஹின் பானு. பொன்செல்விக்கு ரெண்டு கையும் ரிமோட்டில். அந்தப் பிள்ளை போனை வாங்கி, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவள் வாய்க்குக் கிட்டே பிடித்தாள். மணி அடித்தது. 'எல்லைக்கு அப்பால்' இல்லை. நிசமாகவே மணி அடித்தது.

ஸ்கிரீனில் அந்த ஆள் இடுப்பைத் தடவினான். எடுத்தான். பார்த்தான். யார் கூப்பிடுகிறார்கள் என்று படம் காட்டுமே, அதைப் பார்த்தபடி நின்றான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பானா, பழைய கோபத்தில் வெட்டிவிடுவானா?

எடுத்தான்.

"ஏட்டி, ஆட்டு மேல மருந்தா அடிக்கப் போற?"

எத்தனையோ மாதம் கழித்து அண்ணன் தங்கச்சியிடம் பேசின முதல் பேச்சு இது.

"டேங்கைக் கழத்திட்டேன்ணே. நல்லாப் பாரு, வயித்துல இருக்குறது பெட்டி. அதுவழியாத்தான் பேசுதேன். அண்ணே, கண்மாயத் திறக்கப் போறாங்க. பொழுது அடையுமுன்ன மேடு முழுகிரும். கெளம்பு."

"எங்கிட்டுக் கெளம்ப? சுத்தித் தண்ணி. கண்ணு தெரியலியா ஒனக்கு?"

"காத்தாடிக்குப் போட்ட கிராவல் ரோடு..."

"அது போயிட்டு. முழுகிட்டு."

"முழுகல. மேல இருந்து தெரியுது. தண்ணிக்கு அடியில செவப்பா ஒரு கோடு கெடக்கு. முழங்காலுக்குத்தான் இருக்கும். கொஞ்ச தூரந்தான், அப்புறம் ரோடு மேல..."

பேட்டரி கத்தியது. "போயிட்டு வாரேன்ணே, இரு. வந்துருவேன்" என்றாள். தும்பி திரும்பியது. அது ஏத்தத்தைத் தாண்டியதும் போன் ஊமையாயிற்று.

பேட்டரி மாற்றுகிற அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் பெரிய நேரம். அவன் கேட்டானா, பாதி கேட்டானா, நம்பினானா, ஒன்றும் தெரியாது. தும்பி போகிற இடத்துக்குத்தான் பேச்சு போகிறது. தும்பி வந்துவிட்டால் பேச்சும் வந்துவிடுகிறது. அந்தத் தூறலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லி முடிக்காத சொல் எல்லாம் அங்கேதான் எங்கேயோ, நனைந்த குருவி மாதிரி, காற்றில் உட்கார இடம் தேடிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது.

ரெண்டாம் தரம் போனபோது அவன் தானே கூப்பிட்டான்.

"ஏட்டி, கம்பு விட்டுப் பாத்தேன். ரோடு கெடக்கு. நான் எறங்கிட்டேன். ஆடு எறங்க மாட்டேங்கு. செம்மறி தண்ணியப் பாத்தா காலை ஊணிட்டு நிக்கும், ஒனக்குத் தெரியாதா? முன்னாட்டத் தூக்கிட்டுப் போனாலும் பின்ன வர மாட்டேங்கு."

பொன்செல்வி கொஞ்சம் யோசித்தாள். ஆட்டுக்காரன் மகள்தானே அவளும்.

"அண்ணே, நீ கிடாயத் தூக்கிட்டு ரோட்டுல முன்னால நட. நான் பின்னால வாரேன்."

"நீ எங்க பின்னால வர?"

"தும்பி வருது."

அவன் சிரித்தான். நம்ப முடியவில்லை, மாரிராஜ் சிரித்தான். "பழக்குனது வீண் போவல" என்றான்.

தும்பி பெரிய வட்டமாகச் சுற்றி ஆடுகளுக்குப் பின்பக்கம் போயிற்று. அங்கேயிருந்து தாழ இறங்கியது. இரைச்சல் கேட்டதும் அந்தப் பஞ்சுக் குவியல் முதுகைக் காட்டித் திரும்பியது. முன்னால் தண்ணீர், பின்னால் தும்பி. கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. அப்புறம் ஒரு ஆடு இறங்கியது. அதன் பின்னால் ஒன்று. பின்னால் ஒரு கூட்டம். சாம்பல் தண்ணீருக்குள் செவப்புக் கோட்டின் மேலே வெள்ளை வெள்ளையாக ஒரு ஆறு நடந்தது. மழையும் பேசவில்லை, காத்தாடியும் அசையவில்லை. அந்த வண்டுச் சத்தம் மட்டும். நான் அதைப் பார்த்தபோது முழித்திருந்தேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

"மெதுவா... மெதுவாட்டி. வலப்பக்கம் ரெண்டு வெலகுது, அணை."

"அணைச்சுட்டேன்."

"தாழ வராத. குட்டி மெரளுது. ஏத்திக்கோ."

"ஏத்திட்டேன். இப்ப?"

"இப்ப சரி. அப்படியே வா. அப்படியே அப்பா ஓட்டுதாப்பல வா."

இடையில் ஒருமுறை தும்பி பேட்டரி மாற்ற வந்தது. ஆடுகள் நடு ரோட்டில் தண்ணீருக்குள் அசையாமல் நின்று அது திரும்பி வரக் காத்திருந்தனவாம். மாரிராஜ் பிற்பாடு சொன்னான்.

கடைசித் தரம். ஆடுகள் காத்தாடி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. வடக்கே ஒரு இரைச்சல் எழும்பியது, தும்பி இரைச்சல் இல்லை, தண்ணீர் இரைச்சல். கலிங்கை உடைத்துவிட்டார்கள். வால்பக்கம் ரெண்டு தாயாடுகளும் குட்டிகளும் இன்னும் தண்ணீருக்குள் நின்றன. ரிமோட் கத்த ஆரம்பித்தது.

"அக்கா, இப்பத் திருப்புனாத்தான் வந்து சேரும்" என்றாள் ஷாஹின் பானு.

"திருப்புனா அந்தக் குட்டி நின்னுரும். அண்ணன் குட்டிய விட்டுட்டு ஏற மாட்டான். எறங்கி வருவான்." பொன்செல்வி அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தாள். "ஒம் பெட்டி போயிரும் பானு."

"பெட்டி போனாப் போவுது. ஓட்டுங்க."

அவள் ஓட்டினாள். கடைசிக் குட்டி மேடு ஏறியது. தும்பி அதன் பின்னாலேயே போய், காத்தாடிக் காலடியில், ஆடுகளுக்குப் பக்கத்தில், களைத்துப்போன பறவை மாதிரி இறங்கி உட்கார்ந்தது. ஸ்கிரீன் அணைவதற்கு முன்னால் அதில் கடைசியாகத் தெரிந்தது ஒரு ஆட்டின் மூக்கு.

ஸ்கிரீன்தான் போயிற்று. பேச்சு போகவில்லை. பெட்டிக்குத் தனிப் பேட்டரி. கீழே கிடந்ததால் சொல் விட்டு விட்டு வந்தது.

"அண்ணே, அந்தப் பெட்டிய அவுத்து, காத்தாடிப் படியில எவ்வளவு ஒசரம் முடியுமோ அவ்வளவு ஒசரத்துல கட்டு."

கட்டினான். அப்புறம் குரல் பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி வந்தது. ஆடு கத்துவது மட்டும் போனில் கேட்டது. ஷாஹின் பானு போனைப் பிடித்த கையை இறக்கவே இல்லை. பிறகு மாரிராஜ் சொன்னான்:

"ஏட்டி. நீ அந்தத் தும்பியத் திருப்பிக் கொண்டு போனப்பல்லாம் நான் இங்கன இருந்து பேசிக்கிட்டேதான் இருந்தேன். கேட்டுதா?"

"இல்லண்ணே. கேக்கல."

"கேட்டிருக்காது. நான் பேசுனேன், ஒனக்குக் கேக்கல." என்றான் அவன். "அப்ப அன்னைக்கும் நீ கூப்பிட்டுத்தான் இருப்ப."

பொன்செல்வி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "கூப்பிட்டாளாம், மாமா சொல்லுதேன், கூப்பிட்டாளாம்" என்று நான்தான் போனைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமாவும் அங்கதான் நிக்கியளா? மழையில நனையாம வண்டிக்குள்ள உக்காரும்" என்றான்.

தண்ணீர் வடிந்து, ரோடு தெரிந்து, தும்பியை எடுக்கப் போனோம். காத்தாடிக் காலடியில் மாரிராஜ் தன் கம்பளியைத் தும்பிக்குப் போர்த்தி வைத்திருந்தான். அவனுக்குப் போர்த்திக்கொள்ள வெறும் சாக்கு. அதன் ஆறு கைகளுக்கு நடுவில் குட்டிகள் சுருண்டு கிடந்தன. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் படியடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு ஷாஹின் பானு சுற்றுவழியாக ஆள் மூலம் வேறொரு பேட்டரி கொடுத்து விட்டிருந்ததால் இன்னும் பேச்சு வந்துகொண்டிருந்தது. சத்தமாகப் பேசினவனை மாரிராஜ் அதட்டினான். "மெதுவாப் பேசும் வே, குட்டி தூங்குது."

பொன்செல்வி பேட்டரியை மாட்டி மிஷினைக் கிளப்பப் போனாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கிளப்பாத. இப்பத்தான் கிட்ட வந்து படுக்கப் பழகியிருக்கு."

அதனால் அதைத் தூக்கித்தான் கொண்டுவந்தோம். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தங்கச்சி, நடுவில் ஆட்டு மயிர் ஒட்டின தும்பி. அந்தச் செவப்பு ரோட்டில், இரைச்சல் கிடைக்குக் கேட்காத தூரம்வரை, ரெண்டு பேரும் கல்யாண வீட்டுச் சாமான் தூக்குவது மாதிரி ஒரே நடையில் நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் பின்னால் வந்தேன்.

இப்போதும் அவள் மருந்து அடிக்கப் போகிறாள். கிளப்புவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கிறாள், அப்புறம் அண்ணனுக்குப் போன் போடுகிறாள். அவன் குரல் வந்தால்தான் தும்பி எழும்பும். 'எல்லைக்கு அப்பால்' என்கிற அந்தப் பெண் குரல் வந்தால் டேங்கை மூடிவைத்துவிட்டு, அவன் கிடை எங்கே என்று விசாரித்து நடந்தே போய்விடுகிறாள். காட்டுக்காரர்கள் முனங்குவார்கள். அவள் கேட்பதில்லை. வரப்பில் தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் போவது, வெயிலில் கொஞ்ச நேரம் தெரியும். அப்புறம் தெரியாது.